வளவு நாயின் சீனி வருத்தம்

“நோன்பு பன்னிரண்டு. அஸருக்குப் பின். சீனி நானூற்றுப் பன்னிரண்டு. சாப்பாடு வழமை. மருந்து வழமை. காரணம் தெரியவில்லை.”

பள்ளிவாசலில் தந்த நோன்பு நேர அட்டையின் பின்பக்கத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. முன்பக்கத்தில் நோன்புக்கு முன் உண்ணும் சஹர் முடியும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் அச்சிட்டிருந்தார்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அந்த ரமழானில் அதை நாய்க்கு ஒதுக்கினேன். “அட்டைக்குப் பின்னால நாய்ட கணக்கா?” என்று மனைவி ஒருமுறை கேட்டார். பிறகு அவரே பேனையைத் தேடி எடுத்துத் தந்தார்.

நாய்க்கு நீரிழிவு என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள். அடுத்ததாக, “குளிசையா, ஊசியா?” என்று கேட்பார்கள். கல்முனைப் பக்கத்தில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைக் காண்பது கஷ்டம். ஆகவே நோயைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாயைப் பற்றித்தான் விளக்க வேண்டியிருந்தது.

அது வயல் நாய். மேற்கே வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே காவலுக்குப் போட்ட வாடியில் குட்டியாக வந்து சேர்ந்த பெட்டை நாய். பன்றி வந்தால் குரைக்கும், யானை வந்தால் குரைக்காமல் வந்து நம் காலுக்குள் நிற்கும். இரண்டையும் பிரித்தறிய அந்த அறிகுறி போதுமாக இருந்தது. வயலுக்கும் மந்தைக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு. வாடியில் அது இருந்த வருடங்களில் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒரு பெரும்போக அறுவடை முடிந்த கையோடு அது வாய்க்காலில் வாய் வைத்தபடியே கிடக்கத் தொடங்கியது. குடித்தது, பெய்தது, மறுபடியும் குடித்தது. வைத்த சோற்றையெல்லாம் தின்றும் விலா எலும்பு தெரிந்தது. என் மனைவிக்கு வருத்தம் தொடங்கியதும் இதே மாதிரித்தான் என்பதால் நான் அதிகம் யோசிக்கவில்லை. நாயை முச்சக்கர வண்டியில் சாக்கு விரித்து ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

மிருக வைத்தியர் தம்பிலுவில் பக்கத்துப் பெண். நல்ல கெட்டிக்காரி. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதலில் கருப்பையையும் சூலகத்தையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பருவ ஓமோன் ஏறி எந்த அளவு இன்சுலினும் நிலைக்காது என்றார். அதைச் செய்து காயம் ஆறியதும் மற்றதைச் சொன்னார். ஊரார் போல அவரும் என்னைச் ‘சேர்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

“சேர், காலையும் பின்னேரமும் ஊசி. பன்னிரண்டு மணித்தியால இடைவெளி. ஒரே சாப்பாடு, ஒரே அளவு. சீனி கூடினா மாசக் கணக்கில கொல்லும். குறைஞ்சா மணிக் கணக்கில கொல்லும். அத மட்டும் மறக்காதீங்க.”

“வயலில வெச்சுப் போடலாமா?”

“நீங்க வயலில படுக்கிறீங்களா?”

“இல்ல.”

“அப்ப ஏலாது.”

ஆகவே நாய் ஊருக்கு வர வேண்டியிருந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணத்தின்போது மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். நான் வந்து சேர்ந்தும் நெடுங்காலமாகிவிட்டது. ஆனாலும் அந்த வளவுக்குள் எது வரலாம் எது வரக்கூடாது என்பதைத் தீர்மானிப்பவர் என் மனைவி. அவரிடம் போய் நின்றேன்.

“படி தாண்டப்படா,” என்றார்.

“தாண்டாது.”

“வீட்டுக் கோப்பையில சோறு வெக்கப்படா.”

“வேற கோப்பை வாங்கியாச்சி.”

“வாங்கியாச்சா? அப்ப என்னத்துக்கு என்னட்டக் கேக்க வந்த நீங்க?”

ஒத்துக்கொண்டார் என்று இதற்குப் பொருள். பின்மதிலோரம் முருங்கைக்குக் கீழே தகரம் போட்டு இடம் செய்தேன். கிணற்றடியில் ஒரு பழைய பால்மாத் தகர ரின்னில் சுத்தமான மண் வைத்தேன். நாயின் எச்சில் பட்டால் அந்த இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். இது நாங்கள் பின்பற்றும் மத்ஹபின், மார்க்கச் சட்டப் பிரிவின், விதி. நாளைக்கு இரண்டு ஊசி என்றால் தொழுகைக்கு முன் இரண்டு முறை இந்த வேலை வரலாம். கையுறை போட்டுக்கொண்டேன். நாயும் சில நாட்களில் நக்காமலிருக்கப் பழகிவிட்டது. கையுறையின் வாசனை அதற்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஊசி போடுவதைக் கற்றுத் தந்தவர் மிருக வைத்தியர். திருத்தியவர் மனைவி. குசினி வாசலில் நின்றபடி, நாயிடமிருந்து பத்தடி தூரத்தில், தன் அனுபவத்தை எல்லாம் சொன்னார்.

“போத்தலக் குலுக்காதீங்க. உள்ளங்கைக்குள்ள வெச்சு உருட்டுங்க. ஓம், அப்பிடி. காத்துக் குமிழ் கிடக்கா பாருங்க. தோலக் கிள்ளித் தூக்கிப் பிடிச்சுச் சரிவாக் குத்துங்க. எண்ட கைக்கு ஊசி போடக்குள்ள நடுங்குற மனிசன், நாய்க்கு என்ன பதமாப் போடுறார் பாருங்க.”

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு பேருடைய இன்சுலினும் இருந்தது. நாயுடையதும் மனிதர்களுக்கான மருந்துதான், பால் போலக் கலங்கிய வகை. மனைவியின் போத்தல் முட்டை வைக்கும் தட்டில். நாயின் போத்தல் கீழ்த்தட்டில் மூடி போட்ட டப்பாவுக்குள். மருந்து அசுத்தமில்லையே என்று நான் வாதாடிப் பார்த்தேன். “அசுத்தமில்ல. ஆனா மாறிப்போகும்,” என்றார்.

சாப்பாடு ஒரு சுண்டு சிவப்பரிசிச் சோறு. அதோடு உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த கீரிமீன், நறுக்கிய பயற்றங்காய். மீன் சாய்ந்தமருதுக் கரையிலிருந்து வரும். காற்றுக் காலத்தில் மீன் இல்லாவிட்டால் கோழி. முதலில் சாப்பாடு, தின்று முடித்ததைக் கண்ணால் கண்ட பிறகு ஊசி. எட்டு யூனிட். காதின் ஓரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, மனைவியின் பழைய மீட்டரில் பார்ப்பேன். சில மாதங்களில் உடம்பு தேறியது. தண்ணீர்ச் சட்டியை ஒரு நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும் என்றாயிற்று. கண்ணில் மட்டும் மெல்லிய வெண்மை படரத் தொடங்கியிருந்தது. அது இந்த நோயில் வருவதுதான் என்றார் வைத்தியர். வீட்டில் வைத்து ஒரு நீரிழிவு நாயைப் பராமரிக்க முடியாது என்று யாராவது சொன்னால் அவர் முயன்று பார்க்கவில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ரமழான் வந்தபோது நேரத்தை மட்டும் மாற்றினேன். அதிகாலை நாலரைக்கு வீடு முழுக்க விழித்திருக்கும், சஹர் சாப்பாட்டோடு நாயின் சாப்பாடும் முடியும். பின்னேரம் நாலரைக்கு அஸர் தொழுதுவிட்டு வந்து அடுத்தது. நோன்பு திறக்கும் அமளி தொடங்குமுன் வேலை முடிந்துவிடும். முதல் ஒன்பது நோன்பும் எண்கள் சீராக இருந்தன. பத்தாம் நோன்பிலிருந்து ஏறத் தொடங்கின. பன்னிரண்டில் மேலே எழுதிய குறிப்பு.

காரணம் தேடினேன். மருந்துப் போத்தலின் காலாவதித் திகதியைப் பார்த்தேன். சரியாக இருந்தும் புதுப் போத்தல் வாங்கினேன். மின்சாரம் நின்ற நாட்களைக் கணக்கிட்டேன். மீனை மாற்றினேன். சிறுநீரில் கிருமி இருக்கலாம் என்று வைத்தியர் சொல்ல, ஒரு போத்தலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோன்போடு ஒரு நாயின் பின்னால் போத்தல் பிடித்துத் திரிந்ததைப் பின்ஒழுங்கையால் போனவர்கள் கண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் புன்னகைத்தார்கள். கிருமியும் இல்லை.

“ஒரு யூனிட் கூட்டுங்க சேர்,” என்றார் வைத்தியர். கூட்டினேன். சில நாள் பார்த்துவிட்டு இன்னொன்று, பிறகும் ஒன்று. பதினொன்றில் வந்து நின்றது. எண்கள் ஓரளவுக்கு இறங்கின. நோய் முற்றுகிறது என்று இருவரும் நினைத்தோம். நாய் தன் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றது. வேறு எங்காவது தின்றிருந்தால் மிச்சம் வைக்குமே என்பது என் கணிப்பு. இந்த வருத்தக்காரருக்குப் பசி அடங்குவதில்லை என்பதை, அதே வருத்தத்தோடு ஒரு மனுஷி இருக்கும் வீட்டில் இருந்துகொண்டு, நான் யோசித்திருக்கலாம்.

பெருநாள் காலையில் வழமை போல நாலரைக்குச் சோறு வைத்து, பதினொரு யூனிட் போட்டு, குளித்து, புதுச் சாரன் உடுத்துக் கடற்கரைத் திடலுக்குத் தொழப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. தொழுகையும் குத்பாவும் முடிந்து கட்டித் தழுவலும் முடிந்து வீட்டுக்கு வந்து பின்பக்கம் போனேன். நாய் எழும்பவில்லை. எழும்ப முயன்றது, பின்கால்கள் இரண்டும் குடித்தவன் கால்கள் போல அகன்று போயின. பிறகு விழுந்து உதறத் தொடங்கியது.

மீட்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். மனைவி மீட்டரோடு வந்தார். நாற்பத்தொன்று. தலை மதிலில் அடிபடாமல் இரண்டு கையாலும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையை விட்டால் தலை கல்லில் மோதும்.

“குளுக்கோஸ்,” என்றேன். “முரசில தேய்க்கணும். தண்ணி ஊத்தப்படா, புரக்கேறும். நான் கைய விட்டா…”

“நீங்க விடாதீங்க. இறுக்கிப் பிடிங்க.”

தனக்குச் சீனி இறங்கும்போது உதவ என்று கட்டிலருகே வைத்திருக்கும் குளுக்கோஸ் மாப் பெட்டியை எடுத்து வந்தார். பெருநாளுக்கு உடுத்த சேலையின் தலைப்பை இடுப்பில் சொருகினார். மாவை உள்ளங்கையில் கொட்டித் தண்ணீர் தெளித்துக் குழைத்து, குந்தியிருந்து, நாயின் உதட்டைத் தூக்கி, விரலால் பல்லின் முரசில், ஈறில், தேய்த்தார். இத்தனை காலத்தில் அவர் அந்த நாயைத் தொட்டதில்லை. அதன் கோப்பையைக்கூடத் தொட்டதில்லை.

“கடிச்சிரும், பாத்து,” என்றேன்.

“கடிக்கிற நிலமையிலயா கிடக்கு? கதைக்காமப் பிடிங்க. எனக்கு இது வந்திரிக்கி. உள்ளுக்க என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியும்.”

மூன்றாவது பிடி மாவோடு உதறல் அடங்கியது. சற்றுப் பொறுத்து நாக்கை நீட்டி அவருடைய விரலை நக்கியது. அவர் கையை இழுக்கவில்லை. “ஓம், ஓம், நக்கு,” என்று மற்ற விரல்களையும் நீட்டினார். தலையைத் தூக்கிய பிறகு ஒரு பிடி சோறு வைக்கச் சொல்லிவிட்டு, எழுந்து கிணற்றடிக்குப் போனார். மண் ரின்னைத் திறந்து கையை ஏழு தரம் கழுவினார். சேலையின் கரையையும் கழுவினார். வட்டிலப்பம் அவிந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனார்.

நான் வைத்தியருக்குப் போன் எடுத்தேன். பெருநாள் வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறேன் என்று நினைத்து அவர் வாழ்த்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பின்னேர ஊசியை நிறுத்தச் சொன்னார். நேரத்துக்கு நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, மறுநாள் பாதி அளவு. “நேத்துவரைக்கும் பதினொண்டு தாங்கின நாய், இண்டைக்கு ஏன் தாங்கல்ல?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது அன்று பகலே. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராத்தா வட்டிலப்பத் தட்டோடு வந்தார். இரத்த உறவில்லை, என் மனைவிக்கு மூத்தவர் என்பதால் ராத்தா. நாய் சோர்ந்து கிடப்பதைக் கண்டு பின்வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன தங்கச்சி, நாய்க்கு?”

“சீனி குறைஞ்சு விழுந்திட்டு ராத்தா. மௌத்தாப் போகப் பாத்தது.”

“எண்ட அல்லாஹ். இண்டைக்குப் பெருநாள் வேலையில நான் பேரீச்சம்பழம் குடுக்கல்ல. அதாலயா?”

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“எந்தப் பேரீச்சம்பழம்?” என்றேன்.

ராத்தா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஒன்பதாம் நோன்பு இரவு பள்ளிவாசலில் நடந்த பயானில், மார்க்கப் பிரசங்கத்தில், மௌலவி தாகித்த நாய்க்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததற்காகப் பாவம் மன்னிக்கப்பட்டவரின் கதையைச் சொல்லியிருந்தார். ஒலிபெருக்கியில் பெண்களுக்கும் கேட்டது. ரமழானில் நன்மை பல மடங்கு. ஊரில் நாய் எங்கே இருக்கிறது என்று ராத்தா தேட வேண்டியிருக்கவில்லை, மதிலுக்கு இந்தப் பக்கம் வருத்தத்தோடு ஒன்று இருந்தது. ஸுபஹ் தொழுதுவிட்டு நான் படுத்துத் தூங்கும் நேரத்தில், எட்டு மணி போல, தினமும் மதிலுக்கு மேலால் பேரீச்சம்பழம் போட்டிருக்கிறார். சில நாள் சஹரில் மிஞ்சிய வாழைப்பழமும் பாலும் பிசைந்த சோறு.

“நீங்க சொல்லியிருக்கலாமே ராத்தா.”

“தர்மத்த மறைச்சுக் குடுக்கணும் எண்டும் அண்டைக்குத்தானே சேர் பயான்ல சொன்ன? சொல்லிப்போட்டுக் குடுத்தா அதில என்ன நன்மை இரிக்கி?”

பின்னேரம் மோதினார் பெருநாள் காண வந்தார். பாங்கு சொல்வதோடு நோன்புக் கஞ்சியைப் பங்கிடுவதும் அவர் பொறுப்பு. ராத்தா சொன்னதை நான் சிரித்துக்கொண்டே சொல்ல, அவர் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்தார்.

“சேர், நான் ஒண்டு கதைக்கணும்.”

“கதையுங்க.”

“கிடாரத்தில அடிக்கஞ்சி கொஞ்சம் மிஞ்சும். வீசினா வீண்தானே.”

“நீங்களுமா மோதினார்?”

“பின்னேரத்தில ஒரு அகப்பை. தேங்காப்பால் போட்ட கஞ்சி சேர், நல்ல கஞ்சி.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதுக்கு நீங்க வெக்கிற சோத்தில உப்பும் இல்ல, புளியும் இல்ல. பாத்தாப் பாவமா இரிந்திச்சி.”

குசினிக்குள்ளிருந்து மனைவி சிரித்த சத்தம் வெளியே கேட்டது.

அப்படியாக விளங்கியது. ஊர் இனிப்பைக் கொடுத்தது, நான் இன்சுலினைக் கூட்டினேன். பெருநாளோடு ஊர் கொடுப்பதை நிறுத்தியது, நான் நிறுத்தவில்லை. வைத்தியரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். “எங்கட பக்கம் மட்டும் எண்டு நினைச்சன் சேர். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் எனக்கு ஓய்வே கிடைக்காது. மாட்டுக்குப் பொங்கலத் தீத்தி வயித்த ஊத வெச்சுப்போட்டுக் கூப்பிடுவாங்க. எல்லாரும் பக்தியிலதான்.”

எட்டு யூனிட்டுக்குத் திரும்பினோம். எண்கள் சில நாட்களில் பழைய இடத்துக்கு வந்தன. இன்றுவரை அங்கேதான் நிற்கின்றன. அடுத்த ரமழானுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மோதினாரையும் ஒழுங்கைக்காரர்களையும் நிறுத்திச் சொன்னேன்: நாய்க்குத் தர்மம் செய்ய விரும்புகிறவர்கள் அவித்த கீரிமீனை அஸருக்கு முன் என் கையில் தரலாம், அதை அளவுக்குள் சேர்ப்பது என் பொறுப்பு. நன்மை குறையாது என்பதை மௌலவியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அந்த ரமழானில் நான் மீன் வாங்கவே இல்லை. ராத்தா முள்கூட எடுத்துத் தந்தார். பார்வை மங்கினாலும் நாய்க்கு ஒழுங்கையில் நடப்பவர்களைக் காலடிச் சத்தத்தில் தெரியும். ராத்தாவின் செருப்புச் சத்தத்துக்கு மட்டும் வாலை ஆட்டும். என் மனைவியின் சத்தத்துக்கு எழுந்து நிற்கும். அவர் அதைத் தொடுவதில்லை, பத்தடியில் நின்று கதைப்பதோடு சரி.

ஒரு விடயம் மட்டும் சரிவரவில்லை. முதல் ரமழானின் எண்களைப் பிறகு ஒழுங்குபடுத்திப் பார்த்தபோது, இருபத்தேழாம் நோன்பன்றும் பின்னேரச் சீனி உயர்ந்தே இருந்தது. அன்று ராத்தா ஊரில் இல்லை. முதல் நாளே சாய்ந்தமருதில் மகளின் வீட்டுக்குப் போய்விட்டார், அன்றிரவுதான் திரும்பினார், மகளும் அதை உறுதிப்படுத்தினார். மோதினார் கஞ்சி வைப்பது நான் இரத்தம் எடுத்த பிறகு. அப்படியானால் பதினொரு யூனிட் போட்ட அந்தக் காலையில் நாய்க்கு இனிப்பாக வேறு யாரோ எதையோ கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திராவிட்டால், நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, கேட்பாரில்லாமல் அது அன்றைக்கே விழுந்திருக்கும்.

ஒழுங்கையில் எல்லா வீடுகளிலும் கேட்டேன். யாரும் ஓம் என்று சொல்லவில்லை. மனைவியையும் கேட்டேன். “தர்மத்துக்குச் சாட்சி தேடாதீங்க,” என்றார். அதை ஆம் என்று எழுதவும் முடியாது, இல்லை என்று எழுதவும் முடியாது. இருபத்தேழாம் நோன்பு காலையில் நாய்க்குச் சாப்பாடு கொடுத்தவர் யார் என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.